கண் படாமல் வைத்திருந்த மனைவி

கியோஸ் தீவில், பிசின் சொரியும் மஸ்திக் மரங்களுக்கு நடுவே, ஆண்டவர் அருளாலும் கல்யாணம் செய்துகொள்ளாத கெட்டிக்காரத்தனத்தாலும் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் இசிதோரோஸ் அவர்களுக்கு, லெஸ்வோஸ் தீவிலிருந்து தங்கள் தங்கை மிர்சினியின் கணவன் பிரோகோபிஸ் பணிவோடும், அதைவிடக் கூடுதலாகப் பயத்தோடும் எழுதிக்கொண்டது.

தாங்களும் தங்கள் மரங்களும் கோவேறு கழுதையும் கோழிகளும் நலமாக இருக்க, தூ தூ தூ, புனித இசிதோரோஸை வேண்டுகிறேன். எச்சில் பட்ட இடத்தில் மை கலைந்திருந்தால் மன்னிக்கவும். நலம் என்று எழுதினால் கண் பட்டுவிடும், துப்பாமல் விட எனக்குத் துணிவில்லை. என் நலத்தைப் பற்றி எழுதினால் துப்ப வேண்டிய அவசியமே இருக்காது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கடி அடித்து, எடுத்தால் பேச்சில்லாமல் யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டதே, அது நான்தான். தயவுசெய்து போலீசுக்குப் போக வேண்டாம். தாங்கள் எடுப்பீர்கள் என்று நினைத்துத்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் மிர்சினியே எடுத்தாள். "யாரு? யாருடா அது? வெக்கங்கெட்ட நாயே, மூச்சு விடத் தெரியுதில்ல, வாயத் தொறந்து பேசு!" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் நெஞ்சுக்கு ஆறுதலாகவும் வாயைத் திறக்கப் பயமாகவும் இருந்தது. வைத்துவிட்டேன். ஆறுதல் போதாமல் மறுபடியும் போட்டேன். ஆகவேதான் இந்தக் கடிதம். இதைத் தாங்கள் மட்டும் படிக்க வேண்டும், படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட வேண்டும், மிர்சினி காதில் ஒரு வரிகூட விழக் கூடாது. நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா? வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டு, "அண்ணன் தனியா பிசின் சுத்தம் பண்றாரு, ஒத்தாசைக்குப் போறேன். முடிஞ்சதும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லவில்லை, மச்சான்; பார்க்கலாம் என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு குளிர்காலத்துக்காவது பிசின் சுத்தம் செய்ய அங்கே வந்திருக்கிறாளா? அதுவும் இங்கே ஆலிவ் அறுவடை நேரத்தில்? ஊர்ப் பெண்கள் கூடி உட்கார்ந்து செய்கிற அந்தப் பிசின் வேலை எப்போதுதான் முடியும்? முடியவே முடியாத வேலை என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கண் நீலம் என்பது தங்களுக்குத் தெரியும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் கண்ணடியே நான்தான். ஊர் முழுக்கக் கறுப்புக் கண், பழுப்புக் கண். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று என் அப்பா கடைசிவரை என் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார், அது வேறு கதை. எனக்கு ஆறு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டு வெள்ளாட்டைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு!" என்று சொன்னேன். சாயங்காலம் அது மேட்டு நிலத்திலிருந்து உருண்டு விழுந்து செத்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பழி. நான் தெருவில் வந்தால் பெண்கள் பிசைந்த மாவைத் துணி போட்டு மூடுவார்கள், கைக்குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள், ஆண்கள் கழுதையின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்துவார்கள், எல்லாரும் சேர்ந்து தூ தூ தூ என்று என் பக்கம் துப்புவார்கள். கோபத்தில் அல்ல, மரியாதையாகத்தான் துப்புவார்கள். காபிக்கடை தக்சியார்கிஸ் ஒருவன்தான் என்னைத் தோளில் தட்டிக் கூப்பிடுவான், அதற்கும் காரணம் இருந்தது: "பிரோகோபிஸ், சும்மாதானே இருக்க? என் பங்காளி தோட்டத்துத் தக்காளிய ஒரு தடவ பாத்துட்டு வாயேன், காபி நான் வாங்கித் தரேன்" என்பான். நான் போகவில்லை. ஒரே ஒரு தடவை போனேன். அந்த வருஷம் தக்காளி அமோகமாக விளைந்தது, தக்சியார்கிஸ் என்னிடம் காபிக்குக் காசு வாங்கிக்கொண்டான்.

ஆகவே சின்ன வயதிலேயே ஒரு பாடம் படித்துக்கொண்டேன். பிடித்த எதையும் நேராகப் பார்க்கக் கூடாது. தவறிப் பார்த்துவிட்டால் உடனே திட்டிவிட வேண்டும். திட்டியும் மனசு ஆறவில்லையென்றால் துப்ப வேண்டும். மிர்சினியைப் பெண் பார்க்க நான் வந்தபோது தங்கள் வீட்டுச் சுவரில் இருந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், "மாப்பிள்ளை கொத்தனாரா?" என்று தங்கள் அம்மா கேட்டார். கோயிலில் எங்கள் தலையில் கல்யாணக் கிரீடம் வைத்தபோது பாதிரியாரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பூட்ஸில் கயிறு அறுந்திருந்தது. மணப்பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால், வெள்ளையாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துச் சொல்வேன். எங்கள் மகள் ரல்லூ பிறந்தபோது கூரையைப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவிடம், "எங்கப்பாவுக்குப் பொறந்ததுலேர்ந்தே கழுத்து சுளுக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள். தங்கள் அம்மாவை மட்டும்தான் கடைசிவரை நேருக்கு நேர், கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசினேன் என்பது தங்களுக்கே நினைவிருக்கும். அந்த அம்மாள் தொண்ணூற்றிரண்டு வயது வரை கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அவருக்கு ஆத்ம சாந்தி கிடைக்கட்டும். இதை மிர்சினியிடம் சொல்ல வேண்டாம்.

மிர்சினிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. கீரை அடைத்த பீட்டா அப்பம் சுட்டு மேசையில் வைப்பாள். "சீ, இத நாய்கூட மோந்து பாக்காது" என்று சொல்லிவிட்டு மூன்று துண்டு தின்பேன். புதிதாகக் கல்யாணமான காலத்தில் அதற்குச் சிரிப்பாள். பிறகு சிரிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, ஆகவே சிரிப்பு எந்த வருஷம் நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் அக்டோபர் மாசம் இடி விழுந்தது. லீவுக்கு வந்திருந்த ரல்லூவை ஏதென்ஸ் போகிற கப்பலில் ஏற்றிவிட மித்திலீனி துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் புறப்பட்டது, கை ஆட்டினோம், திரும்பினால் பக்கத்தில் மிர்சினியைக் காணோம். அவ்வளவு கூட்டம். கப்பலிலேயே போய்விட்டாளோ, தண்ணீரில் விழுந்துவிட்டாளோ, ஆட்டோமேட்டிக்காக மூடுகிற கப்பலின் பெரிய இரும்புக் கதவில் மாட்டிக்கொண்டாளோ என்று குலை நடுங்கிப் போய், ஓடிப் போய்த் துறைமுகப் போலீசில் நின்றேன். மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டான்.

"பேரு?"

"பிரோகோபிஸ்."

"காணாமப் போனவங்க பேரு, ஐயா."

"மிர்சினி. எம் பொண்டாட்டி."

"அடையாளம் சொல்லுங்க. முடி?"

"இருக்கு."

"என்ன நிறம்னு கேட்டேன்."

"கறுப்பு."

"கண்ணு?"

"ரெண்டு."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "உயரம் எவ்ளோ இருப்பாங்க?"

"எங்க வீட்டு அலமாரியில மேல்தட்டு எட்டாது. முக்காலி போட்டுக்குவா."

"முகத்துல மச்சம், தழும்பு, ஏதாவது?"

எனக்கு வேர்த்துவிட்டது. "தம்பி, காலைப் பத்திக் கேளு, சொல்றேன். இடது செருப்பு வெளிப்பக்கமாத் தேயும். வலது பெருவிரல் நகம் கொஞ்சம் கோணல். கணுக்கால்கிட்ட ஒரு பச்ச நரம்பு ஓடும், வெயில் காலத்துல நல்லாத் தெரியும்."

"ஐயா, துறைமுகத்துல இருக்குற பொம்பளைங்க எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு வரிசையா நில்லுங்கன்னு மைக்குல சொல்லச் சொல்றீங்களா? கல்யாணமாகி எவ்ளோ நாளாச்சு?"

"முப்பத்தோரு வருஷம்."

"நான் போன வாரம்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் ஒலிபெருக்கியில், கறுப்பு முடியும் கோணல் நகமும் உள்ள மிர்சினி அம்மாள் எங்கிருந்தாலும் உடனே வரவும், கணவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று அறிவித்தான். நான் அழவில்லை, மூக்கில் தூசி. அறிவித்து முடித்தபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "எழுதிக்குங்க தம்பி, முடி நரைச்சு எட்டு வருஷம் ஆச்சு" என்று ஒரு குரல். மிர்சினி சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. "கண்ணு?" என்ற இடத்திலிருந்து என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் அவள் விதையைக்கூடக் கொறிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டாள். மச்சான், அவள் கோபப்பட்டுக் கத்தினால் எனக்குப் பயமில்லை; கோபமில்லாமல் கேட்டதுதான் பயமாக இருந்தது.

"கண்ணு பட்டுடும்னு பாக்காம இருந்தியா, பாக்கப் பிடிக்காம இருந்தியா? எனக்கு எப்படித் தெரியும், சொல்லு? இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, பிரோகோபிஸ்."

உன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அதனால்தான் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உயிர் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்ததும் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று பதறி, பழக்க தோஷத்தில் அவள் பக்கமாகத் தூ தூ தூ என்று துப்பிவிட்டேன். அந்த நேரத்தில் அது வேறு மாதிரி அர்த்தமாகிவிட்டது.

அப்புறம்தான் அவளிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. தினம் ஒரு தடவை அவளை நேராகப் பார்க்க வேண்டும், ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், துப்பக் கூடாது. ஏதென்ஸிலிருந்து ரல்லூவும் போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, சின்னதா ஆரம்பிங்க. பாசம் காட்டுறதெல்லாம் யாருக்கும் பொறவியிலயே வராது. பழகப் பழகத்தான் வரும், சைக்கிள் ஓட்டுற மாதிரி" என்றாள். "சைக்கிள் பழகினப்போ நான் கைய ஒடிச்சுக்கிட்டேன்" என்றேன். "ஆனா ஓட்டக் கத்துக்கிட்டீங்கல்ல?" என்றாள். இல்லை, கற்றுக்கொள்ளவில்லை, அன்றோடு விட்டுவிட்டேன். அதை மகளிடம் சொல்லவில்லை.

எடுத்த எடுப்பில் மிர்சினி மேல் சோதனை செய்ய எனக்கு நெஞ்சுறுதி இல்லை. விலை குறைந்த பொருள்களில் பழகிக்கொள்ளலாம் என்று அடுப்பைப் பார்த்து, "நல்ல அடுப்பு" என்றேன். சாயங்காலம் புகைக்குழாய் அடைத்துக்கொண்டு வீடெல்லாம் புகை. பூனையைப் பார்த்து, "அழகுப் பூனை" என்றேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போய் தக்சியார்கிஸ் காபிக்கடையில் குடியேறிவிட்டது, இன்னும் திரும்பவில்லை. கழுதையைப் பார்த்துப் பழகலாமா என்று யோசித்தேன், அறுவடைக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டேன். இதையும் மிர்சினியிடம் சொல்ல வேண்டாம். கழுதையைவிட நான் மலிவா என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பருப்பு சூப்பை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கண்ணேறுக்குக் காப்பாக என் சட்டைப் பையில் ஒரு முழுப் பூண்டு, பனியனுக்குள் நீலக்கண் மணி, மேசைக்கடியில் இடது கையால் சிலுவை. கீழேயிருந்து மெல்ல மெல்ல ஏறினேன். கழுத்துப் பித்தான் வரை வழக்கமான வழிதான், அதற்கு மேலே எல்லாம் எனக்குப் புது ஊர். மோவாய் வரை போனதும் மூச்சு வாங்கியது. "ஒன் மோவாய் நல்ல மோவாய்" என்றேன். அவள் கரண்டி அப்படியே நின்றது. "என்னது?" என்றாள். "மோவாய்" என்றேன். அவள், நான் கேட்காமலே, என் தட்டில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். மச்சான், உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கரண்டி சூப் எனக்குக் கல்யாண விருந்து மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் அவள் கன்னம் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. பல்வலி. "அட கிறிஸ்தவ மனுஷா, இது ஆறு மாசமா ஆடிக்கிட்டிருந்த பல்லு" என்று அவள் சிரித்தாள், வீங்கின வாயால். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது நாள் பத்திரமாக இருக்கட்டும் என்று முகத்தை விட்டுவிட்டு, "ஒன் கை கெட்டிக்காரக் கை" என்றேன். சாயங்காலம் மத்தி மீன் டப்பாவைத் திறக்கும்போது விரல் கிழிந்து ரத்தம். மூன்றாவது நாள் பயத்தை அடக்கிக்கொண்டு மறுபடி ஏறி மூக்கு வரை போய், "மூக்கு நல்லா அமஞ்சிருக்கு" என்றேன். அன்று அவள் சமைக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். மறுநாள் ஜலதோஷம். ஊரில் எல்லாருக்கும்தான் ஜலதோஷம் என்றாள். ஊரையெல்லாம் நான் புகழவில்லையே! யோசித்துப் பாருங்கள்: மோவாய், கை, மூக்கு, அடுத்த நாள் கண். நான் போய் அவள் கண்ணைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லி, அவளுக்குப் பார்வை போய்விட்டால் நான் யார் முகத்தில் முழிப்பேன்?

ஆகவே நல்லது நினைத்துத்தான் செய்தேன். மிர்சினிக்குத் தெரியாமல் அவள் முக்காட்டை எடுத்துக்கொண்டு, கண்ணேறு கழிக்கிற எவ்தோகியா அம்மாளிடம் ஓடினேன். அந்த அம்மாள் ஜெபம் சொல்லித் தண்ணீரில் எண்ணெய் விடுவார். சொட்டு முழுசாக மிதந்தால் ஒன்றுமில்லை, கரைந்து காணாமல் போனால் கண் பட்டிருக்கிறது. கண் எவ்வளவு கடுமையோ அவ்வளவு கொட்டாவி ஜெபம் சொல்கிறவருக்கு வரும். முக்காட்டை மடியில் வைத்து முதல் சொட்டு விட்டார். சொட்டைக் காணோம். "யாரோட கண்ணுடா இது, கடல் மாதிரி இழுக்குது?" என்றார். என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது சொட்டும் போனது, கொட்டாவி வந்தது. மூன்றாவது சொட்டுக்கு வந்த கொட்டாவி மாதிரி நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தாடை பூட்டிக்கொண்டது. "ஆ" என்கிறார், "ஆ ஆ" என்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நான் வெளியே ஓடிக் கத்தினேன், தக்சியார்கிஸ் ஆலிவ் லாரியைக் கொண்டுவந்தான், வாய்க்குள் ஈ போகாமல் இருக்கவும் தாடை தொங்காமல் இருக்கவும் கைக்குக் கிடைத்த துணியால் இழுத்துத் தலையோடு சேர்த்துக் கட்டிச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊரே பின்னால் வந்தது. ஏதென்ஸிலிருந்து வந்த சின்ன வயது டாக்டர், "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "கொட்டாவி விட்டாங்க" என்றான் தக்சியார்கிஸ். "அவ்ளோதானா?" என்றார் டாக்டர். ஊரே திரும்பி என் செருப்பைப் பார்த்தது. என் கண்ணைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை.

டாக்டர் இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டுத் தாடையை டக்கென்று இறக்கிப் பூட்டை எடுத்தார். எவ்தோகியா அம்மாள் முதலில் சொன்ன வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. அப்போதுதான் சத்தம் கேட்டு மிர்சினியும் வந்து சேர்ந்தாள், வீங்கின கன்னம், கட்டுப் போட்ட விரல், சிவந்த மூக்கோடு. "ஐயோ, எவ்தோகியாக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். அப்புறம் அந்த அம்மாள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். மிர்சினியின் பூப்போட்ட முக்காடு. இவளுக்கு எப்போதும் கணக்கு சீக்கிரம் புரிந்துவிடும்.

"என்னோடது எப்படி இங்க வந்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"முப்பத்தோரு வருஷம் கழிச்சு மூணு நல்ல வார்த்த சொன்ன. அதையும் சீக்கு மாதிரி என் மேலேர்ந்து எடுத்துப் போட ஆள் தேடிப் போனியா?" என்றாள். கிட்ட வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூக்கு நல்லா இருக்குன்னு நீ சொன்ன அன்னிக்கு, நான் போய்க் கண்ணாடியில என் மூக்கப் பாத்துக்கிட்டேன், தெரியுமா?" என்றாள். மறுநாள் கப்பலேறிவிட்டாள்.

இதுதான் நடந்தது. என் மேல் குற்றம் இருக்கிறதா என்று தாங்களே சொல்லுங்கள். இருக்கிறது என்றால் சத்தமாகச் சொல்ல வேண்டாம். இங்கே ஆலிவ் காய்கள் உதிர்ந்து வலையில் கிடக்கின்றன, பொறுக்க ஆளில்லை. கண் படும் என்று யாரும் கூலிக்குக்கூட வர மாட்டேன் என்கிறார்கள். வீட்டில் இப்போது நான் எதை வேண்டுமானாலும் நேராகப் பார்க்கலாம், பிடித்தது எதுவும் வீட்டில் இல்லை. வேலையில்லாமல் எங்கள் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். படத்தைப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன், தெரிந்தால் தாங்கள் எழுதவும். அவள் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, மச்சான். புருவம் அந்த இடத்தில் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. அது எப்படி வந்தது? விழுந்தாளா? யாராவது அடித்தார்களா? அடித்தது தாங்கள் என்றால் நாம் வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கும். அந்தப் படத்தில் நான் பாதிரியாரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதையும் இப்போதுதான் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள், நான் பார்த்து அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இப்போது நான் பக்கத்தில் இல்லாமல் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நன்றாகவே இருக்கிறாளே என்று பயம். போனில் அவள் திட்டிய திட்டில் ஜலதோஷத்தின் சுவடே இல்லை. பயப்படுகிறேன் அல்லவா, அதுதான் பாசம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அதற்கு மேல் நிறைய இருக்கும் போலிருக்கிறது, நான் இன்னும் மூக்கு வரைக்கும்தான் வந்திருக்கிறேன்.

ஆகவே தாங்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். தங்களுக்கு நீலக் கண் இல்லை, பயமில்லாமல் பார்க்கலாம். அவள் பிசின் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது, அவளுக்குத் தெரியாமல், நிதானமாகப் பார்த்து எழுதி அனுப்புங்கள். முடி முழுக்க நரையா, முன்பக்கம் மட்டுமா? கண் கறுப்பா, பழுப்பா, அல்லது தங்கள் குடும்பத்தில் சிலருக்கு இருக்கிற அந்தத் தேன் நிறமா? தங்கள் கண் என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் நினைவில் வரவில்லை. தங்களையும் எனக்குப் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறதா? விழுந்தால் எந்தப் பக்கம்? எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உருப்போட்டுக்கொள்கிறேன். அவள் வந்து எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்தபடியே டாண் டாண் என்று பதில் சொல்லிவிடுவேன். அவளுக்கும் திருப்தி, அவள் உடம்புக்கும் ஆபத்தில்லை. பதிலை வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம், அதற்குள் அவள் வந்து பிரித்துவிடலாம்; காபிக்கடைக்கு எழுதவும்.

தங்கள் மரங்கள் கண்ணீர் மாதிரி சுத்தமான பிசின் சொரியட்டும், தங்கள் கோழிகள் நாள் தவறாமல் முட்டையிடட்டும், தங்கள் வீட்டு வாசலை எந்தத் துன்பமும் எட்டிப் பார்க்காமல் ஆண்டவரின் தாயார் காக்கட்டும், தூ தூ தூ. தங்கள் தங்கைக்கு என் நமஸ்காரத்தைச் சொல்ல வேண்டாம்; நான் எழுதியதே தெரியக் கூடாது.

தங்கள் கீழ்ப்படிந்த தங்கை கணவன்,
பிரோகோபிஸ்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுத் தபாலுக்குக் கொடுக்கக் காபிக்கடைக்கு வந்தேன். தக்சியார்கிஸ் முகவரியைப் பார்த்துவிட்டு, "இசிதோரோசுக்கா? அவருக்குத்தான் ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டிருக்காங்களாமே, கப்பல்காரங்க சொன்னாங்க. யாரு படிச்சுக் காட்டுவா?" என்றான். உறையைப் பிரித்துக் காபிக்கடை மேசையிலேயே இதை எழுதுகிறேன். மச்சான், தங்களை நான் ஒருநாளும் புகழ்ந்ததில்லை, ஆகவே அந்தக் கண் நோய்க்கும் எனக்கும் சம்பந்தமில்லை. சீக்கிரம் குணமாகட்டும்.

மிர்சினி, நிறுத்தாதே, படி. நீதான் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிகிறது, உன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும் இங்கே கேட்கிறது. உன் அம்மாவைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துவிடு. கழுதையைப் பற்றி எழுதியதற்கும். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், கிழித்தால் இன்னொரு தடவை எழுத எனக்குத் தைரியம் வராது. மேலே கேட்ட எதற்கும் பதில் எழுத வேண்டாம். முடியின் நிறமும் வேண்டாம், கண்ணின் நிறமும் வேண்டாம். ஆலிவ் வலையிலேயே கிடக்கட்டும். சனிக்கிழமைக் கப்பலில் நான் வருகிறேன். பூண்டு எடுத்துக்கொண்டு வரவில்லை, மணியையும் கழற்றி தக்சியார்கிஸிடம் கொடுத்துவிட்டேன். பயம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். நீ பிசின் சுத்தம் செய்கிற பெண்களுக்கு நடுவே உன் பாட்டுக்கு உட்கார்ந்திரு. எழுந்து நிற்காதே, கூப்பிடாதே, காலை மட்டும் பாவாடைக்குள் மறைத்துக்கொள். மற்ற பெண்கள் வேண்டுமானால் துப்பிக்கொள்ளட்டும். நான் ஒவ்வொரு முகமாக, நேராகப் பார்த்து, நானே உன்னைக் கண்டுபிடிக்கிறேன். தப்பான பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன் என்றால் மட்டும், லேசாக ஒரு தடவை இருமிவிடு. உன் இருமல் எனக்குத் தெரியும்.